வாத்துக்குஞ்சை வதைக்காதே: கொலையாளி அல்லாதவள் ஏன் சாகிறாள்?

கேள்வி கேட்டவர், லூச்சியோ ஃபுல்ச்சி 1972இல் இயக்கிய 'டோன்ட் டார்ச்சர் எ டக்லிங்' என்ற இத்தாலியப் படத்தை அண்மையில் பார்த்திருக்கிறார். ஜல்லோ எனப்படும் இத்தாலியக் கொலை மர்ம வகைப் படங்களின் பட்டியல்களில் அதன் பெயர் அடிக்கடி தென்படுவதால், கறுப்புக் கையுறை அணிந்த கொலைகாரனையும் பெருநகரத்து மாடிக் குடியிருப்புகளையும் பகட்டான உடைகளையும் எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறார். வெயிலில் காயும் ஒரு மலைக் கிராமமும், ஒருவர் பின் ஒருவராகக் கொல்லப்படும் சிறுவர்களும், அந்தக் கொலைகளைச் செய்யாத ஒரு பெண்ணை ஊர் ஆண்கள் சங்கிலியால் அடித்துக் கொல்லும் நீண்ட காட்சியும்தான் அவருக்குக் கிடைத்திருக்கின்றன. இதை எப்படி ஜல்லோ என்கிறார்கள், அந்தக் காட்சி கதைக்கு எதற்கு, இதுபோன்ற வேறு படங்கள் உண்டா என்று கேட்டிருக்கிறார். முதல் இரண்டு கேள்விகளுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது: கொலையாளி யார் என்று தேடும் கதையில், புதிரை அவிழ்க்க எவ்விதத்திலும் உதவாத ஒரு சாவை இவ்வளவு நேரம், இவ்வளவு நெருக்கத்தில் காட்டுவது முறையா என்பதே அது.

நான் படத்தொகுப்பைத் தொழிலாகச் செய்தவன். இப்போது அதைக் கற்பித்து வருகிறேன். இந்தக் காட்சியை மாணவர்களோடு அமர்ந்து, வெட்டு வெட்டாக நிறுத்திப் பார்ப்பது என் வழக்கம். ஆகவே காட்சியின் அமைப்பைப் பற்றி உறுதியாகப் பேச முடியும். இத்தாலிய மொழியைத் துணையுரையின் துணையோடு பின்தொடர்பவன் நான் என்பதால், தென்னித்தாலிய வட்டார வழக்கின் நுட்பங்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. கொலையாளியின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. ஆனாலும் படம் எந்தத் திசையில் போகிறது என்பதைச் சொல்லாமல் இந்தக் கேள்விக்குப் பதில் எழுத இயலாது. படத்தை இனிமேல்தான் பார்க்கப் போகிறவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

வகையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மொண்டடோரி பதிப்பகம் 1929இல் மஞ்சள் அட்டையோடு வெளியிடத் தொடங்கிய துப்பறியும் நாவல் வரிசையிலிருந்து வந்த பெயர் அது; ஜல்லோ என்றால் இத்தாலிய மொழியில் மஞ்சள். ஆகவே இத்தாலியர்களுக்குக் கொலை மர்மம் எதுவாயினும் ஜல்லோதான். நாம் ஜல்லோ என்றதும் நினைக்கும் கையுறை, பளபளக்கும் கத்தி, மாடல் அழகிகள் எல்லாம் மாரியோ பாவா 1964இல் எடுத்த படத்தின் வழியாகவும், டாரியோ அர்ஜென்டோவின் முதல் படம் 1970இல் பெற்ற வெற்றியைத் தொடர்ந்து வந்த படங்களின் பெருக்கத்தின் வழியாகவும் நிலைபெற்ற அடையாளங்கள். ஃபுல்ச்சியும் அந்தப் பாதையில் நடந்தவர்தான். பல ஆண்டுகள் நகைச்சுவைப் படங்கள் எடுத்த அவர், 1969இல் சான் ஃபிரான்சிஸ்கோவிலும் 1971இல் லண்டனிலும் நடக்கும் இரண்டு ஜல்லோக்களை எடுத்தார். இரண்டிலும் வசதி படைத்தவர்களின் காமமும் கனவும் வஞ்சகமும்தான் பொருள். அடுத்த ஆண்டே அவர் கேமராவைத் தூக்கிக்கொண்டு இத்தாலியின் தெற்குக்குப் போனது, அந்த வகையைக் கைவிடுவதற்காக அல்ல என்பது என் கருத்து. ஜல்லோவின் இயந்திரத்தை அப்படியே எடுத்துச் சென்று, அது ஒரு சிற்றூரில் ஓடினால் யாரை நசுக்கும் என்று பார்த்திருக்கிறார்.

அந்த இயந்திரத்தின் முக்கியமான பகுதி பொய்த்தடம். எந்தத் துப்பறியும் கதையிலும் பார்ப்பவரின் சந்தேகம் ஒருவர்மேல் விழும்; பிறகு அவர் நிரபராதி என்று தெரியும்; சந்தேகம் இன்னொருவர்மேல் நகரும். வழக்கமான ஜல்லோவில் இது இயக்குநருக்கும் பார்வையாளருக்கும் இடையில் நடக்கும் விளையாட்டு. தவறாகச் சந்தேகிக்கப்பட்டவர் கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். சந்தேகப்பட்டதற்காக நாமும் வெட்கப்படுவதில்லை. ஃபுல்ச்சியும் ரொபெர்தோ ஜான்வித்தியும் ஜான்ஃபிராங்கோ கிளெரிச்சியும் சேர்ந்து எழுதிய இந்தத் திரைக்கதையில் ஒவ்வொரு பொய்த்தடமும் ஓர் ஆளின் உயிரோடு கட்டப்பட்டிருக்கிறது. சந்தேகப்படுவது நாம் மட்டும் அல்ல, ஊரும் சேர்ந்து சந்தேகப்படுகிறது. ஊரின் சந்தேகத்துக்குக் கையும் காலும் உண்டு.

யார் யார்மேல் சந்தேகம் விழுகிறது என்று வரிசையாகப் பாருங்கள். முதலில் ஜுசெப்பே பார்ரா. ஊர்ப் பிள்ளைகள் கேலி செய்து ஓடவிடும் அரைகுறை அறிவுள்ள மனிதன். முதல் சிறுவனின் உடலைத் தற்செயலாகக் கண்டு, அதைப் புதைத்துவிட்டு, பையன் உயிரோடு இருப்பதுபோல் பணம் கேட்டு மாட்டிக்கொள்கிறான். அவனைக் காவலர்கள் பிடித்துக்கொண்டு வரும்போதே கூட்டம் அவன்மேல் பாயப் பார்க்கிறது. அவன் காவலில் இருக்கும்போதே இரண்டாவது சிறுவனின் உடல் கிடைக்கிறது. அடுத்து மச்சியாரா. ஊருக்கு வெளியே திரியும், செய்வினை வைப்பவள் என்று பெயரெடுத்த பெண். பிரேசிலைச் சேர்ந்த ஃபுளோரிண்டா போல்கான் அந்த வேடத்தில் நடித்திருக்கிறார். அவளுக்கு மந்திரம் தெரிந்த குருவாக மலையில் தனியே வாழும் கிழவர் ஃபிரான்செஸ்கோ. பிறகு பாட்ரீட்சியா, மிலானில் போதைப்பொருள் விவகாரத்தில் சிக்கியதால் தந்தையின் சொந்த ஊருக்கு அனுப்பப்பட்டு, ஊரின் பழைய வீடுகளோடு ஒட்டாத ஒரு நவீன வீட்டில் பொழுதுபோகாமல் அடைந்து கிடக்கும் பணக்காரப் பெண். புத்தி குறைந்தவன், சூனியக்காரி, காட்டுக் கிழவர், குட்டைப் பாவாடை போட்ட நகரத்துக்காரி: இவர்கள் எல்லாரும் கொலை நடப்பதற்கு முன்பே ஊரின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டவர்கள். சந்தேகத்தைத் தூண்டும் சான்று பிறகுதான் வருகிறது. சந்தேகிக்கத் தோதான ஆள் முன்னமே தயாராக இருக்கிறார். கொலையாளியோ, ஊர் ஒருபோதும் திரும்பிப் பார்க்காத இடத்தில், ஊரார் மரியாதையின் நிழலில் நிற்கிறார். இந்த அமைப்பைக் கவனித்துவிட்டால், படத்தின் கேள்வி கொலை செய்தது யார் என்பதோடு நிற்கவில்லை என்பது புரியும். யாரைச் சந்தேகிப்பது இந்த ஊருக்கு எளிது என்பதே அது உண்மையில் துப்பறியும் பொருள்.

மச்சியாராவின் கதை முதல் காட்சியிலேயே தொடங்கிவிடுகிறது. மலைகளுக்கு நடுவே உயரமான தூண்களின்மேல் நீளும் ஒரு நெடுஞ்சாலை. அதைப் பார்த்தபடி இருக்கும் சரிவில் அழுக்கேறிய விரல்கள் மண்ணைப் பிராண்டுகின்றன. மண்ணுக்குள்ளிருந்து ஒரு கைக்குழந்தையின் எலும்புக்கூடு வெளியே வருகிறது. அது அவள் குழந்தை என்பது நமக்குப் பிறகுதான் தெரியும். அந்தக் குழியைச் சிறுவர்கள் கலைத்துவிட்டார்கள் என்ற கோபத்தில், மூன்று மெழுகுப் பொம்மைகள் செய்து ஊசி குத்துகிறாள். அவர்கள் அடுத்தடுத்துச் சாகவே, தன் செய்வினைதான் பலித்தது என்று அவளே மனதார நம்பிவிடுகிறாள். விசாரணையில் அவள் கொலைகளை ஒப்புக்கொள்ளும்போது பொய் சொல்லவில்லை; அவள் நம்பும் உலகத்தில் அவள்தான் கொன்றிருக்கிறாள். ஆனால் சிறுவர்கள் கையால் கொல்லப்பட்டிருக்கிறார்கள் என்பதும், கொலை நடந்த நேரத்தில் அவள் வேறிடத்தில் இருந்தாள் என்பதும் தெளிவாகிவிட, காவலர்கள் அவளை விடுவிக்கிறார்கள். சட்டம் இங்கே சரியாகவே வேலை செய்கிறது. அவளைக் கொண்டுபோய்ப் பத்திரமாக ஓரிடத்தில் சேர்க்க வேண்டும் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

படம் நடக்கும் ஊர் கற்பனையானது. ஆனால் அந்த நம்பிக்கை கற்பனையானதல்ல. லுக்கானியா என்றும் பசிலிக்காட்டா என்றும் அழைக்கப்படும் தென்னித்தாலியப் பகுதியில் 1950களில் களஆய்வு செய்த மானிடவியலாளர் எர்னெஸ்தோ தெ மார்த்தினோ, கண்ணேறு, கட்டு, அதை எடுக்கும் மந்திரம் ஆகியவை கத்தோலிக்க வழிபாட்டோடு பின்னிப் பிணைந்து அங்கே உயிரோடு இருந்ததைப் பதிவு செய்து 1959இல் நூலாக்கினார். நாளை என்ன ஆகும் என்று தெரியாத வறுமையில், மனிதர் தம் இருப்பே கைநழுவிப் போகாமல் பிடித்துக்கொள்ளும் பற்றுக்கோடாக அவர் அந்த மந்திரங்களைக் கண்டார். மச்சியாராவை ஃபுல்ச்சி எடுத்திருக்கும் விதத்தில் அந்தப் பரிவு இருக்கிறது. அவளை ஏளனம் செய்யும் ஒரு ஷாட்கூட என் கண்ணில் பட்டதில்லை. படப்பிடிப்பின் பெரும்பகுதி நடந்தது பூலியாவிலுள்ள மொன்தே சான்தாஞ்செலோ என்ற ஊரில். அதிதூதர் மிக்கேலின் குகைக் கோயிலுக்காக நூற்றாண்டுகளாக யாத்திரிகர் ஏறிவரும் மலையூர் அது. சுண்ணாம்பு பூசிய வெள்ளை வீடுகள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். செர்ஜோ தொஃபீட்சியின் ஒளிப்பதிவில் அந்த வெண்மை கண்ணைக் கூசவைக்கிறது. இருட்டைக்கொண்டு பயமுறுத்தும் வகையைச் சேர்ந்த ஒரு படம், இங்கே தன் கொடூரத்தின் உச்சத்தைப் பட்டப்பகலில் வைக்கிறது.

இப்போது நீங்கள் கேட்ட காட்சிக்கு வருகிறேன். விடுதலையான மச்சியாரா பாழடைந்த ஒரு கல்லறைத் தோட்டத்துக்குள் வருகிறாள். அங்கே ஆண்கள் காத்திருக்கிறார்கள். ஒருவர் காரின் ரேடியோவை முடுக்கிவிடுகிறார். துள்ளலான இசை ஒலிக்கிறது. அலறல் வெளியே கேட்காமல் இருப்பதற்காக என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அவர்கள் முகத்தில் பதற்றமே இல்லை, ஒரு வேலையைச் செய்ய வந்தவர்களின் நிதானம்தான் இருக்கிறது. சங்கிலி வீசப்படுகிறது. ஒவ்வொரு அடிக்கும் தசை கிழிவதைக் கேமரா மிக அருகில் காட்டுகிறது. பிறகு ரேடியோவில் பாட்டு மாறுகிறது. ரிட்ஸ் ஓர்தொலானி இசையமைத்து ஒர்னெல்லா வானோனி பாடிய, பிரிந்த காதலை நினைத்து உருகும் மெல்லிய பாட்டு. அடி நிற்கவில்லை.

தொகுப்பு மேசையில் உட்கார்ந்து பார்த்தால், இந்தக் காட்சியின் வலிமை எங்கே இருக்கிறது என்பது துலக்கமாகத் தெரிகிறது. பின்னணி இசை என்பது பொதுவாக இயக்குநர் நம் தோளில் வைக்கும் கை. இங்கே பயப்படு, இங்கே அழு என்று அது வழிகாட்டும். இந்தக் காட்சியில் இசை கதைக்குள்ளிருந்தே, அந்தக் காரின் ரேடியோவிலிருந்து வருகிறது. அந்த ரேடியோவுக்கு அங்கே நடப்பது எதுவும் தெரியாது. அது தன்பாட்டுக்கு ஒரு பாட்டை முடித்து அடுத்ததைத் தொடங்குகிறது. படத்தின் தொகுப்பாளர் ஒர்னெல்லா மிக்கெலி அடிகளைப் பாட்டின் தாளத்தோடு பொருத்தி அழகுபடுத்தவில்லை. பொருத்தியிருந்தால் அது ஒரு நடனமாகிவிடும். வன்முறையை ரசிக்க நமக்கு அனுமதி கிடைத்துவிடும். இரண்டும் ஒட்டாமல் ஓடுவதால்தான் வயிற்றைப் பிசைகிறது. மாணவர்களுக்கு ஒலியை நிறுத்திவிட்டு ஒருமுறையும் ஒலியோடு ஒருமுறையும் இதைப் போட்டுக்காட்டுவேன். ஒலியில்லாமல் பார்க்கும்போது அது ரத்தக் காட்சிகள் நிறைந்த பல படங்களில் ஒன்றாகத் தெரிகிறது. ஒலியோடு பார்த்த பிறகு வகுப்பில் சிறிது நேரம் யாரும் பேசுவதில்லை.

ஆண்கள் போன பிறகும் காட்சி முடியவில்லை. அவள் உயிரோடு இருக்கிறாள். பாறைச் சரிவில் ஊர்ந்து ஊர்ந்து மேலே, நெடுஞ்சாலையின் ஓரத்துக்கு வந்து கையை நீட்டுகிறாள். விடுமுறைக்குப் போகும் குடும்பங்களின் கார்கள் கடந்து போகின்றன. யாரும் நிறுத்துவதில்லை. அங்கேயே உயிர் போகிறது. படத்தின் முதல் காட்சியில் அவள் குழந்தையின் எலும்புகளுக்கு எதிரே ஓடிக்கொண்டிருந்தது இதே சாலைதான். நெடுஞ்சாலை இந்த இரண்டு இடங்களிலும் திட்டமிட்டு வைக்கப்பட்டிருக்கிறது என்பது படத்தில் கண்ணால் காணக்கூடிய செய்தி. அதற்கு நான் கொள்ளும் பொருள் என் ஊகம். தெற்கின் வறுமையைப் போக்க 1950இல் தனி நிதி அமைப்பையே உருவாக்கிய இத்தாலிய அரசு, வடக்கையும் தெற்கையும் இணைக்கச் சாலைகளையும் பாலங்களையும் மலைமலையாகக் கட்டியது. அந்தச் சாலை அவள் ஊருக்கு மேலே போகிறதே தவிர, ஊருக்குள் இறங்கவில்லை. ஊரின் மூடநம்பிக்கை அவளை அடித்தது. நவீன நாடு அவளைப் பார்த்துவிட்டுப் போனது. இரண்டில் ஒன்றை மட்டும் குற்றவாளியாக்கி நாம் தப்பித்துக்கொள்ள ஃபுல்ச்சி இடம் தரவில்லை என்றே நான் படிக்கிறேன்.

ஆகவே, அந்தக் காட்சி புதிருக்கு உதவவில்லை என்று நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் புதிர் உண்டாக்கிய விளைவு அது. முந்தைய முக்கால் மணி நேரமாக நாமும் ஊராரைப் போலவே, இவளாக இருக்குமோ, அவனாக இருக்குமோ என்று விரல் நீட்டிக்கொண்டிருந்தோம். மெழுகுப் பொம்மைகளைக் கண்டதும் இவள்தான் என்று மனத்துக்குள் முடிவு கட்டியவர்கள் நம்மில் குறைவாக இருக்க மாட்டார்கள். அந்த முடிவின் விலை என்ன என்பதை வெட்டிச் சுருக்காமல் காட்டியதை நான் முறையென்றே கருதுகிறேன். அவள் சாவை ஒரு வசனத்தில் சொல்லிவிட்டு அடுத்த துப்புக்குப் போயிருந்தால் அதுதான் முறைகேடாக இருந்திருக்கும். அவள் இறந்த பிறகும் கொலை நிற்கவில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஊரார் செய்த 'நீதி' ஒரு பிள்ளையைக்கூடக் காப்பாற்றவில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. படத்தில் பகுத்தறிவோடு நடந்துகொள்பவர்கள் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தவர்கள்: தோமாஸ் மிலியான் நடித்த பத்திரிகையாளர் மர்தெல்லி, கடைசியில் அவரோடு சேர்ந்து உண்மையைத் தேடும் பாட்ரீட்சியா, வெளியூர்க் காவல் அதிகாரி. ஊராரோ பெரும்பாலும் பெயரில்லாத கூட்டம். தெற்கைக் காட்டுமிராண்டி நிலமாகப் பார்க்கும் வடக்கின் பழைய கண்ணைத்தான் படமும் அணிந்திருக்கிறது என்று ஒருவர் குற்றம் சாட்டினால், என்னால் முழுதாக மறுக்க முடியாது. கொலையாளியின் நோக்கம் சூனியத்திலிருந்து பிறக்கவில்லை, தூய்மையின்மேல் கொண்ட வெறியிலிருந்து பிறக்கிறது என்பது அந்தக் குற்றச்சாட்டை ஓரளவு தளர்த்துகிறது, அவ்வளவுதான் சொல்லலாம். பாட்ரீட்சியாவைக் கேமரா பார்க்கும் பார்வை பல இடங்களில் ஊர்க்காரர்களின் பார்வையோடு ஒன்றிவிடுவதும் எனக்கு உறுத்தும் விஷயம். மச்சியாராவுக்குக் கிடைத்த கண்ணியம் அவளுக்குக் கிடைக்கவில்லை.

இது திருச்சபைக்கு எதிரான படமா என்று சிலர் விவாதிப்பதுண்டு. கிராமத்தின் மதவாழ்வைப் படம் கூர்மையாக விசாரிக்கிறது என்பதில் ஐயமில்லை. அதிலிருந்து, ஃபுல்ச்சி நம்பிக்கையையே நிராகரித்தார் என்று முடிவுகட்டுவது அளவுக்கு மீறிய வாசிப்பு என்பேன். கடுமையான குற்றவுணர்வும் பாவ பயமும் அவருடைய பிற்காலத் திகில் படங்களிலும் ஓடுகின்றன. அவை மதத்தை உதறியவரின் படங்களாக எனக்குத் தோன்றவில்லை. இது என் அபிப்பிராயமே; படத்தை ஆதாரமாக வைத்து எதிர்ப்பக்கமும் வாதாடலாம்.

குறைகளும் உள்ளன. உச்சக்கட்டத்தில் பயன்படுத்திய பொம்மை உடல் அப்பட்டமாகப் பொம்மையாகவே தெரிகிறது. அதுவரை பிடித்து வைத்திருந்த இறுக்கம் அந்தச் சில நொடிகளில் தளர்ந்துவிடுகிறது. டொனால்ட் டக் பொம்மை ஒன்றின் தலையை வைத்து உண்மையை எட்டும் துப்பறிதலும் சற்று அவசரமாக முடிகிறது. நடுப்பகுதியில் காவலர்கள் கூடிப் பேசும் காட்சிகளைச் சுருக்கியிருக்கலாம்.

மறுபடி பார்ப்பதாக இருந்தால் இத்தாலிய ஒலித்தடத்தோடு பாருங்கள். அக்கால இத்தாலியப் படங்கள் பொதுவாகப் படப்பிடிப்பில் ஒலியைப் பதிவு செய்யாமல், எல்லாக் குரல்களையும் பிறகு டப்பிங்கில் சேர்த்தவை. இந்தப் படத்திலும் போல்கான் பிரேசிலியர், மிலியான் கியூபாவில் பிறந்தவர், இன்னொரு வேடத்தில் வரும் ஐரீன் பாபாஸ் கிரேக்கர். ஆகவே எந்த மொழித்தடத்திலும் உதட்டசைவு முழுக்கப் பொருந்தாது. அதைக் குறையாக எண்ண வேண்டாம். ஆங்கிலத் தடத்தில் கிராமத்து ஆட்களின் பேச்சு தட்டையாகிவிடுவதால் ஊர் என்கிற உணர்வு குறைகிறது.

உங்கள் கடைசிக் கேள்விக்கு: நகரத்தை விட்டு வெளியே வந்த ஜல்லோக்களில் இதற்கு இணையாக நான் சொல்லக்கூடியது, புப்பி அவாத்தி 1976இல் எடுத்த 'தி ஹவுஸ் வித் லாஃபிங் விண்டோஸ்'. போ ஆற்றின் கழிமுகப் பகுதியிலுள்ள ஒரு சிற்றூர்த் தேவாலயத்தில், புனித செபஸ்தியாரின் வேதனையைச் சித்திரிக்கும் சுவரோவியத்தைப் பழுதுபார்க்க லீனோ கப்பொலிக்கியோ நடித்த இளைஞர் வருகிறார். அதைத் தொடாதே என்று தொலைபேசியில் முகம் தெரியாத குரல் எச்சரிக்கிறது. அதில் ரத்தம் மிகக் குறைவு, ஊராரின் மௌனம்தான் அச்சுறுத்தும். ஃபுல்ச்சியின் ஊர் கூடி அடிக்கிறது. அவாத்தியின் ஊர் கூடி மறைக்கிறது. ஃபுல்ச்சியே 1977இல் எடுத்த 'தி சைக்கிக்' படத்தையும் அதன் பிறகு பார்க்கலாம். அது மீண்டும் வசதியானவர்களின் வீடுகளுக்குத் திரும்பிவிடுகிறது என்றாலும், ஒரு பெண் தன் மனக்கண்ணில் கண்ட காட்சித் துண்டுகளைத் தவறான வரிசையில் அடுக்கிவிடுவதால் வரும் விபரீதத்தைச் சொல்வதால், தொகுப்பில் ஆர்வம் உள்ளவர்களுக்கு அதில் கற்க நிறைய இருக்கிறது.